தோடம்பழ நிறக் கண்ணீர்

இரண்டு மாதம் இருமிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியைப் பரிசோதித்துவிட்டுக் கசம், அதுதான் காசநோய், என்றார்கள். கசம் வந்த எல்லோருக்கும் செய்வதுபோல இரத்தமும் எடுத்தார்கள். அதில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் துறைமுகப் பக்கம் படகு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். குடியிருப்பது அக்கா வீட்டில். கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோரிடமும் கசத்தைச் சொன்னேன். இருமலுக்கும் மெலிவுக்கும் அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. மற்றதைச் சொல்லவில்லை.

நான் இருமிக்கொண்டிருந்த அந்த முதல் நாட்களில், முகக்கவசம் போடும்படி அக்காவிடம் கெஞ்சினேன். "என்ர தம்பிக்கு முன்னால நான் முகத்தை மூடுறதோ?" என்றவள், நான் குடித்து வைத்த மிச்சத் தேநீரையும் எடுத்துக் குடித்தாள்.

கசத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கி இரண்டாம் மாதம், நிலாவெளி ஊரில் அத்தானின் பெரியப்பா செத்துப்போனார். என்னோடு பத்து வருடமாகக் கதைக்காத மனிதர். போகாவிட்டால் குறை என்று அக்கா இழுத்துக்கொண்டு போனாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகை கண்ணில் அடித்துக் கண்ணீர் வழிந்தது. கசக் குளிசை மூத்திரம், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் செம்மஞ்சளாக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் மறந்துபோனேன். வெள்ளைக் கைலேஞ்சியால் துடைத்தேன். அது தோடம்பழ நிறமாகியது.

"ஐயோ, பிள்ளை இரத்தக் கண்ணீர் விடுது!" என்று ஒரு கிழவி குழறினாள்.

என்னைத் தூக்காத குறையாகக் கதிரையில் இருத்தினார்கள். ஒருவர் சோடா உடைத்தார். இன்னொருவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். செத்தவரின் மகன் என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பாவில இவ்வளவு பாசமெண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சே" என்று அழுதான். நான் குளிசை, குளிசை என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா பொறுக்க ஏலாமல் எழும்பினாள். "அவனுக்குக் கசம்! அது குளிசைச் சாயம்!"

பறை நின்றது. கதிரைகள் பின்னால் இழுபட்டன. கட்டிப்பிடித்திருந்த மகன் கையை எடுத்துச் சட்டையில் துடைத்தான். "இப்ப தொத்தாது" என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் என்னைச் சுற்றி அவ்வளவு இடம் கிடைத்தது அன்றுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு முட்டினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்தது.

"அக்கா, கசம் மட்டுமில்லை. எச்.ஐ.வி.யும் இருக்கு."

அவள் கடல் பக்கம் திரும்பிவிட்டாள். மறுநாள் காலை என் தேநீர் தனிக் கோப்பையில் வந்தது. அதை மேசையின் அந்தப் பக்கத் தொங்கலில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு இருமலைவிட அது நோவாக இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு அவளும் வந்தாள். தாதியிடம் நேராகவே கேட்டாள்.

"தங்கச்சி, இவன்ர கோப்பையில குடிச்சால் அது வருமோ?"

"எச்.ஐ.வி. கோப்பையால வராது அம்மா. காத்தால வாறது கசம்தான். குளிசை தொடங்க முன்னம் அவர் இருமேக்கை நீங்கள் விலகி இருந்தனீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இல்லை. அப்ப பக்கத்தில இருந்திட்டு, இப்பதான் விலகினனான்."

"அப்ப உங்களையும் ஒருக்காச் சோதிப்பம்."

சளி எடுக்க டப்பா கொடுத்தார்கள். மரத்தடியில் நின்று அரை மணித்தியாலம் காறினாள். ஒரு சொட்டும் வரவில்லை. "எனக்கு ஏலாது, சளி இல்லை" என்று ஏதோ தோற்றுப்போனவள்போல வெறும் டப்பாவை நீட்டினாள். எக்ஸ்ரேயிலும் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். என் மற்ற வருத்தமான எச்.ஐ.வி.யை அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் கசம் மாறிச் சுகமாகிவிட்டது. எச்.ஐ.வி.க்கான மற்றக் குளிசை ஆயுளுக்கும் உண்டு. அதை நான் விழுங்கும்வரை அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள்.