ஸ்பர்லாக்கிலிருந்து வெர்லீன்

பாட்டுக் கேட்க நாஷ்வில் போகிற வழியில் ஓரிடத்தில் நேர மண்டலம் மாறி, மணி ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். வேனில் இருக்கிற எல்லாருடைய கைபேசியும் தானாக மாறிக்கொள்ளும். வெர்லீன் நேப்பியர் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் தன் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவங்க பின்தங்கிப் போனா அது அவங்க பாடு. நம்ம நேரம் நம்ம நேரந்தான்" என்பார். முள்ளைத் திருப்ப மாட்டார். அதனால் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கூட்டம் அரங்கக் கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே போய் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். யாராவது முனகினால், "சீக்கிரம் வந்து எவனும் செத்ததில்ல கண்ணு" என்று இஞ்சி சோடா புட்டியை நீட்டுவார்.

அவருக்கு எல்லாரும் கண்ணுதான். அமெரிக்காவின் கென்டக்கி மலையில், எங்கள் ஸ்பர்லாக் மாவட்டத்தின் ஒரே உயர்நிலைப் பள்ளியில் சமையல்கார அம்மா. இன்றைய ஷெரீப், பல் டாக்டர், சவப்பெட்டிக் கடைக்காரர் எல்லாருமே அவர் கையால் சுட்ட பிஸ்கட் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்று வளர்ந்தவர்கள். ஆகவே வேனில் ஏறியதும் வயது வித்தியாசமில்லாமல் அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டு வரிசைப் பிள்ளைகள் ஆகிவிடுவோம். முடிதிருத்தும் கடை டெல்மர் ஐம்பதைத் தாண்டியவர். அவரையே, "டேய், பொத்தானப் போடு. நாஷ்வில் பாக்குது" என்று அதட்டுவார். டெல்மரும் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொள்வார்.

நான் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். பிறந்தது விருதுநகர். கடை திறந்த புதிதில் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் எந்த நாடு, எந்த நாடு என்று கேட்டு என்னை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். வெர்லீன் வந்து, "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அப்பாவின் எண்ணெய்க் கடை, இரண்டு சித்தப்பா, கட்டிக்கொடுத்த அக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவர் ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல குடும்பந்தான். கோடையில பாட்டுக் கேக்க வேன் போகுது, கடைசி சீட்டு காலியாக் கிடக்கு" என்றார். அன்று பிடித்த சீட்டை நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வேன் எங்கள் தேவாலயத்துடையது. அங்கே கிட்டாருக்கே அனுமதி கிடையாது. கர்த்தரைப் பாட வெறும் தொண்டை போதும் என்பது மலைக்காரர்களின் கட்சி. பாஸ்டர் வண்டியைக் கொடுப்பதே வெர்லீன் முகத்துக்காகத்தான். அதிலும் ஒரு நிபந்தனை: பீர் விற்கிற வாசலில், வண்டியில் எழுதியிருக்கிற தேவாலயத்தின் பெயர் நிற்கக் கூடாது. நாஷ்வில்லில் பீர் விற்காத வாசலுக்கு எங்கே போவது? வெர்லீன் வண்டியை நிறுத்தியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வையை எடுப்பார். அதன் விளிம்பை ஜன்னல் கண்ணாடி இடுக்கில் செருகிப் பெயரை மறைத்துத் தொங்கவிடுவார். "வண்டி எங்க நிக்குதுன்னு கர்த்தருக்குத் தெரியும். பாஸ்டருக்குத்தான் தெரியக் கூடாது." பிறகு வேன் படியில் உட்கார்ந்து, சமையலறைச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்புத் தோல் பூட்ஸை மாட்டுவார். ஜீன்ஸில் இஸ்திரி மடிப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். எழுந்து நடந்தால் தெரு அவருக்கே எழுதிவைத்தது போலிருக்கும்.

அந்தத் தெருவில் காலையிலேயே ஒவ்வொரு கடையிலும் ஒருத்தன் பாடிக்கொண்டிருப்பான். வெர்லீன் நடைபாதையில் நின்று காதைக் கொடுப்பார். உள்ளே ஸ்டீல் கிட்டார் இருந்தால்தான் எங்களுக்கு அனுமதி. கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை இழுக்கும்போது எழுகிற அந்த விம்மலுக்கு அவர் அடிமை. உள்ளே போனதும் பாடகனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மேடை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிற ஸ்டீல் கிட்டார்காரருக்கு நேர் எதிரே போய் நின்றுகொள்வார். "பாடுறவனப் பாக்க ஊரே இருக்கு. இந்த மனுசனப் பாக்க யாரு இருக்கா?" வாசிப்பு நன்றாக அமைந்தால் கைதட்டுவது கிடையாது. தலையை ஒரே ஒருமுறை ஆட்டுவார். அந்த ஓர் ஆட்டலுக்காக வாசிக்கிறவர்கள் இவர் பக்கமே பார்த்துப் பார்த்து வாசிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பாட்டு நடுவே பேசுகிறவன் பாடு திண்டாட்டம்தான். "அங்க ஒருத்தன் உசுர விட்டுப் பாடுறான், உனக்கு என்ன கண்ணு அவ்வளவு அவசரச் சேதி?" என்று குனிந்து கேட்பார். அந்த ஆள் அப்புறம் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஊர்ப் பெயர் என்றால் அவருக்கு ரோஷம். தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் மாவட்டத்துக்கு வருவதே மூடிப்போன சுரங்கத்தையும் கூரை விழுந்த வீட்டையும் படம் பிடிக்கத்தான். "என் வாசல்ல ரோஜா பூத்துத் தள்ளுது. அதுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு எதிர்வீட்டு ஓட்ட வண்டியப் படம் புடிச்சாங்க" என்று இன்றைக்கும் பொருமுவார். எங்கள் ஊரின் பெயர் ஒரு நல்ல இடத்தில், நல்ல காரியத்துக்காக ஒருமுறையாவது ஒலிக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் கணவர் ஆர்பிக்கு அதைவிடப் பெரிய பிடிவாதம்.

ஆர்பி நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். கரித்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருக்கிறவர் வேனில் ஏறிப் பல கோடை ஆயிற்று. "நீ போடி. எனக்கு இங்கருந்தே நல்லாக் கேக்கும். முன்னால தொப்பி போட்ட நெட்டையன் எவனும் இல்ல" என்பார். நாஷ்வில்லில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி, சனிக்கிழமை மதியம் நடத்துகிற நிகழ்ச்சி வானொலியில் நேரடியாகப் போகும். நடுவில் தொகுப்பாளர் மைக்கோடு இறங்கிவந்து, "ரொம்பத் தூரத்துலருந்து வந்தவங்க யாரு?" என்று கேட்பார். ஜெயித்தவர்களின் ஊரை மேடையிலிருந்து சொல்லி, அவர்கள் கேட்கிற பாட்டை வாசிப்பார்கள். ஒரு வருடம் ஜப்பான், ஒரு வருடம் ஆஸ்திரேலியா. வெர்லீனும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, "ஸ்பர்லாக் மாவட்டம், கென்டக்கி" என்று சாப்பாட்டுக்கூடக் குரலில் கத்துவார். அரைநாள் பயணத் தொலைவிலிருக்கிற ஊர் யார் காதில் ஏறும்? வீட்டில் ஆர்பி வானொலிப் பெட்டியைப் பார்த்து, "கென்டக்கியில மனுசங்களே இல்லையாடா?" என்று ஏசுவாராம்.

இந்த வருடம் நாங்கள் கிளம்பும்போது அவர் குழாயை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். "அந்த மேடையில ஒருத்தன் நம்ம ஊர்ப் பேரச் சொல்லி நான் கேட்டுரணும், வெர்லீன். அடுத்த வருசம் நான் ரேடியோ பக்கத்துல இருப்பேனோ என்னவோ."

"சும்மா இரு. மாத்திரையப் போட்டுட்டு உக்காரு" என்றார் வெர்லீன்.

அந்த மாத்திரைகளை எடுத்துக்கொடுக்கிறவன் நான். ஆர்பி சொன்னது வெறும் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். வெர்லீனுக்கும் தெரியும். வழி நெடுக எங்களையெல்லாம் பாடச் சொல்லி உயிரை வாங்குகிறவர், அன்று யாரையும் பாடச் சொல்லவில்லை.

அரங்க வாசலில் வெயிலில் நிற்கும்போது டெல்மர் என்னை ஓரங்கட்டினார். "மருந்துக்காரரே, இந்தத் தடவ நீரு எந்திரிச்சு இந்தியான்னு சொல்லும். உம்ம மூஞ்சியப் பாத்தா எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான். பரிசு நமக்குத்தான். மைக்கு கைக்கு வந்ததும் ஸ்பர்லாக் ஆர்பிக்கு ஒரு பாட்டுன்னு ஒரு போடு போட்டுரும்."

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனை. வேன்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நுழைவுச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த வெர்லீன் திரும்பினார்.

"இவரு இன்னைக்குக் காலையில எங்க வண்டி ஏறினாரு?"

"நம்ம ஊர்லதான் அக்கா. ஆனா ஆர்பி அண்ணனுக்காக…"

"ஆர்பிக்காகத்தான் சொல்றேன். நம்ம ஆள வேத்தாளுன்னு காட்டி வாங்குற பாட்டு அந்த மனுசன் காதுல இறங்காதுடா."

சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சீட்டுகளை மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பாட்டு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவர் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

உள்ளே நிகழ்ச்சி பாதி நடந்ததும் தொகுப்பாளர் ஜிகினா கோட்டோடு இறங்கிவந்து கேள்வியைக் கேட்டார். முன்வரிசையில் ஒரு டென்மார்க் தம்பதி ஏற்கெனவே கையைத் தூக்கியாயிற்று. வெர்லீன் எழுந்து கத்தினார். தொகுப்பாளர் சிரித்து ஒரு கையசைப்பு அசைத்தார், அவ்வளவுதான். தாண்டிப் போகப்போனவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயா, நீங்க கண்டிப்பா எல்லாரையும் விடத் தூரம். எந்த ஊரு, சொல்லுங்க."

மைக் என் வாய்க்கு நேரே வந்துவிட்டது. டெல்மரின் முழங்கை என் விலாவில் குத்தியது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் ஆர்பிக்குப் பாட்டு. நான் வெர்லீனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முடிவை முழுக்க என்னிடம் விட்டுவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்பர்லாக் மாவட்டம், கென்டக்கி" என்றேன்.

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. "அது சரிங்க ஐயா. அதுக்கு முன்னாடி?" என்றார் தொகுப்பாளர்.

வெர்லீன் குனிந்து மைக்கைப் பிடித்தார். "அதுக்கு முன்னாடி என் வேன்ல கடைசி சீட்டுல வாயப் பொளந்து தூங்கிட்டு வந்தாரு."

அரங்கமே சிரித்தது. தொகுப்பாளரும் சிரித்துவிட்டார். வெர்லீன் மைக்கை விடவில்லை. "எங்க ஊர் மருந்துக்காரரு இவரு. பனி கொட்டுறப்பக் கூட வீடு வீடா மருந்து கொண்டாந்து குடுப்பாரு. எங்களுக்குத் தூரம் ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ரெண்டு வரிசையும் ஸ்பர்லாக்கு. வருசா வருசம் வர்றோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டெல்மர் எழுந்து நின்றார். பிறகு எங்கள் இரண்டு வரிசையும் எழுந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமைதான், மறைப்பானேன். தொகுப்பாளர் மேடைக்குத் திரும்பினார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நண்பர்களே, கென்டக்கியிலிருந்து, ஸ்பர்லாக் மாவட்டம்" என்றார். கூட்டம் கைதட்டியது. வாத்தியக்காரர்களும் தட்டினார்கள்.

பரிசு டென்மார்க் தம்பதிக்குப் போயிற்று. தூரத்துக்குத்தானே பரிசு, அதில் யாருக்கும் வருத்தமில்லை. அவர்கள் கேட்ட பாட்டு தொடங்கியது. நாங்கள் உட்கார்ந்தோம். வெர்லீனின் மடியிலிருந்த கைப்பைக்குள் போன் உறுமியது. நின்றது. உடனே மறுபடி உறுமியது.

"அக்கா, போனு. அண்ணனாத்தான் இருக்கும்" என்று டெல்மர் கிசுகிசுத்தார்.

வெர்லீன் பையைத் திறக்கவில்லை. மேடையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அதிர்ந்துகொண்டிருந்த பையின் மேல் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பாட்டைக் கேட்டார்.