இலத்தூர் வீட்டில் அக்கா பொறித்த பெயர்கள்

அக்காவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். துக்கம் கேட்க வந்தபோது உங்களில் பலர் "என்ன பொறுமை அவளுக்கு!" என்று சொன்னீர்கள். அன்பினால் சொன்னதுதான். எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. அக்காவுக்கு வெளியே போக வழி இல்லை. அதை எழுதாமல் அவரைப் பற்றி எதையும் எழுத முடியாது.

அக்கா பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். அப்பா சூரியகாந்தி போடுவார். பூக்கும் காலத்தில் போட்டோ எடுக்க வருகிறவர்களை வரப்பில் கூட்டிப்போய்க் காட்டுவது அக்காதான். வீட்டில் தங்கவே மாட்டார். தென்காசியில் கல்லூரி முடித்ததும் இலத்தூரில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு இல்லாத நாட்களில் அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார்; இருவரும் மலையைத் தாண்டிப் போய்ச் சாயா குடித்துவிட்டு வருவார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அந்த வீட்டிலும் இருந்தது.

பிறகு ஒரு மழைநாளில் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது. அத்தானின் இடுப்பும் தொடையும் நொறுங்கின. அறுவை சிகிச்சைகள் செய்தும் எழுந்து நிற்க முடியவில்லை. பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் அக்காவே செய்தார். ஒருமுறை அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அத்தான் கட்டிலிலிருந்து சரிந்து, அக்கா திரும்பும் வரை தரையிலேயே கிடந்தார். அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை. அக்கா மாடியில் துணி காயப்போடப் போனாலும் கீழிருந்து குரல் வரும்.

"ஏட்டி, எங்கன போன?"

"இங்கனதாங்க இருக்கேன்."

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தே செய்கிற வேலை ஒன்று அக்காவுக்கு வேண்டியிருந்தது. போனில் பார்த்துத்தான் கண்ணாடி டம்ளர்களில் பெயர் பொறிக்கக் கற்றுக்கொண்டார். பேனா போலப் பிடிக்கிற சின்ன மிஷின், நுனியில் வைரத்தூள் பதித்த ஊசி. பெயரைத் தாளில் அழகாக எழுதி டம்ளருக்கு உள்ளே ஒட்டிவிட்டு, வெளிப்பக்கம் அதே கோட்டில் ஊசியை ஓட்டுவார். தூள் பறக்காமல் இருக்க ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்கும் புதுவீட்டுக்கும் பரிசு கொடுக்க நம் சொந்தங்களே நிறைய வாங்கியிருக்கிறீர்கள். ஒரு மணப்பெண்ணின் பெயரில் கடைசி எழுத்தில் ஊசி வழுக்கிவிட்டது. அந்தக் கீறலில் ஒரு கொடியை ஓட்டி, இரண்டு இலையும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் இலை வைத்தே கேட்டார்கள்.

அந்த மிஷின் ஓடுகிற சத்தம் அத்தானுக்குத் தைரியம். சத்தம் நின்றால் கூப்பிடுவார். ஊசி மாற்றுவதற்குக்கூட அக்கா "ஊசி மாத்துதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார். வெறுமனே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் அவரால் முடியாது.

ஐந்தருவியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அக்காவின் டம்ளர்களை வாங்கி விற்றுவந்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம் சாரல் சீசனில் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"சீசனுக்கு வாற ஆளுவ, கண்ணு முன்னாலயே பேரு போட்டுத் தரச் சொல்லுதாங்கம்மா. கடையில வந்து உக்காருதியா?"

அத்தான் மறுத்துப் பேசவில்லை. அத்தானுக்குத் துணையாக நான் வந்து இருந்தேன். அக்கா விடியலிலேயே தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். நனைந்த முகத்தோடு வாசலில் நின்று சிரித்தார்.

"அருவியில குளிச்சியாக்கா?"

"இல்லட்டி. கடையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சாரல் மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. அன்று முழுவதும் நான் எவ்வளவு கெஞ்சியும் அத்தான் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தார்.

"கொழுந்தியாட்டப் போயி கக்கூசுக்குன்னு நான் எப்படிட்டி சொல்லுவேன்?" என்று அக்காவிடம் அழுதார்.

விஷயம் தெரிந்து அண்ணாச்சி, செங்கோட்டையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆண் உதவியாளரிடம் பேசி ஏற்பாடு செய்தார். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரான் கை என் மேல படப்பிடாது. அதுக்குச் செத்துப்போயிருதேன்" என்றார்.

அன்றுதான் அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டேன். "உங்களுக்கு எந்திரிக்க முடியல, படுத்திருக்கிய. எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு? நான் எதுக்குங்க படுத்திருக்கணும்?"

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மறுபடி ஐந்தருவிக்குப் போகவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "போகாமலே இருந்திருக்கணும்ட்டி. ஒருநாள் போயிட்டு வந்ததுல இந்த வீடு ரொம்பச் சின்னதாப் போச்சு."

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்களிடம் சொல்லவில்லை. அத்தானை விட்டுவிட்டு எப்படி டாக்டரிடம் போவது என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறார். கண் மஞ்சளாகி மயங்கி விழுந்த பிறகுதான் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு வழியில்லாமல் அந்தச் செங்கோட்டைக்காரர் இலத்தூர் வீட்டுக்கு வந்தார்.

அக்கா கண் விழித்ததும் கேட்டார். "அவர யாரு பாத்துக்கிடுதாங்க?"

சொன்னேன்.

"ஊரான் கைய மேல பட விட்டாரா?"

"விட்டாருக்கா. குளிச்சு, சாப்பிட்டு, நல்லாருக்காரு."

அக்கா நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். "அப்ப அவரால முடிஞ்சிருக்குல்ல?" என்றார். மறுநாள் நினைவு தவறியது. அதன்பின் பேசவே இல்லை.

இதையெல்லாம் எழுதுவதா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுதும்மா. நான்தான் அவளக் கட்டிப்போட்டேன். எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அவர் சொன்னதால்தான் எழுதினேன். அவரை யாரும் வெறுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், அத்தானுக்குச் சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு ஆச்சிக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய ஐந்தருவி அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செங்கோட்டையிலிருந்து தினமும் வரும் அந்த உதவியாளருக்கும் நன்றி. இப்போது அவர் குளிப்பாட்டிவிட்டால்தான் அத்தானுக்குத் திருப்தி. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனாலும், நன்றி.