பாறசாலை சிக்னலில் வேட்டி கட்டியவர்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலை சந்திப்பில், ரோட்டைக் கடப்பவர்களுக்கான சிக்னலில் நடக்கும் பச்சை மனிதருக்கு யாரோ மடித்துக் கட்டிய வேட்டி மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஊரே போட்டோ எடுத்தது.

இந்தப் பகுதி தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற எல்லைப் போராட்டமெல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தேன். இன்று காலை அந்த சிக்னலுக்குக் கீழே இரண்டு பேர் வழியை மறித்துச் சண்டை போட்டார்கள்.

"இது தமிழன் வேட்டியாக்கும்!" என்றார் ஒருவர்.

"அல்ல, மலையாளியுடெ முண்டு!" என்றார் மற்றவர்.

"அண்ணே, பச்சை போவுது, வழிய விடுங்க" என்றேன்.

"நீ எந்தப் பக்கம் மக்கா?" என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது.

மாலையில் வந்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். புகார் போனதாம்.

இப்போது அந்தப் பச்சை மனிதர் பழையபடி பேன்ட் போட்டிருக்கிறார். அவர் எந்த மொழிக்காரர் என்று யாரும் சண்டைக்கு வரக் காணோம். உங்களுக்காவது தெரியுமா?