மாதா மடியில் ஒரு திருஷ்டிப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை, கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிற ரயிலில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "பெயின்டர் சாமுவேல் தவறிப் பூட்டாருப்பா." பொன்னேரிக் கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகைகள் அவர் எழுதியவை. எங்கள் எல்லோருக்கும் அவர் சாமுவேல் அண்ணன்.

பன்னிரண்டு வருஷம் முன்பு, மாதா கோயில் சாமியார் அவரிடம் ஒரு பழைய அச்சுப் படத்தைக் கொடுத்து, கோயிலுக்குப் பெரிதாக வரைந்து தரச் சொன்னார். மாதா, சூசையப்பர், குழந்தை, ஒரு கழுதை. என்றைக்கோ ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்ததாம். நான் பாண்டிச்சேரி ஆள் என்று நினைத்தேன். எட்டாவதோடு நின்றவன் புத்தி.

சிக்கல் எங்கே என்றால், அண்ணன் புராட்டஸ்டன்ட் சபைக்காரர். அங்கே பாட்டுக் குழுவில் கனத்த குரலில் பாடுவதுதான் அவருக்கு உயிர். "மாதா படம் வரைஞ்சா பாட்டுல இடம் கிடையாது" என்றார் சபை மூப்பர்.

"இத்த வரைஞ்ச வெள்ளைக்காரனும் நம்மள மாதிரி புராட்டஸ்டன்ட்தாங்க, ஐயா. சாமியாரே சொன்னாரு" என்றார் அண்ணன். மூப்பர் மசியவில்லை. அண்ணன் ஒத்துக்கொண்ட வேலையை விடவும் இல்லை.

அச்சுப் படத்தில் குழந்தையின் முகத்தைக் கரையான் தின்றிருந்தது. "உன் பொண்ணத் தூக்கினு வா" என்றார் என்னிடம். அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

"சூசையப்பருக்கு என் முகம் வேணாமாண்ணே?"

"பக்கத்துல கழுதை கீதே, அதுக்கு வேணா பாக்கலாம்."

என் மனைவி கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் குழந்தையை வெளியே அனுப்பமாட்டாள். அண்ணன் வரைகிற இடத்துக்குப் போனதும் அது வீறிட்டு அழும். அண்ணன் தன் கனத்த குரலில் ஒரு கீர்த்தனை பாடுவார், அடங்கிவிடும். பாடிக்கொண்டே வரைந்தார்.

திருவிழா அன்று திரையை விலக்கினால், குழந்தை இயேசுவின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அண்ணன் தலையைச் சொறிந்தார். "கண்ணு பாத்தத கை வரைஞ்சிடுச்சி, சாமி. அழிச்சிடறேன்." சாமியார், "இருக்கட்டும்" என்றார்.

குறை கண்டுபிடிக்கவே வந்திருந்த மூப்பர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இத்தப் பாத்தா கும்பிடத் தோணலயே, கொஞ்சத்தானே தோணுது. ஞாயித்துக்கெழமை நேரத்தோட பாட வந்துடு."

நேற்று அடக்கத்தில் இரண்டு கோயில்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். கனத்த குரலுக்குத்தான் ஆளில்லை. என் மகள் ஏழாவது படிக்கிறாள்; அவளும் பாடினாள்.

கரையான் தின்ற அந்த அச்சுப் படம் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள கழுதை சாதாரணக் கழுதை. கோயிலில் இருப்பதை நீங்களே போய்ப் பாருங்கள். அந்த மூக்கு என்னுடையது.