நான் விழுங்கிய கேள்வி

ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தின் பின்சுவர் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். புகையும் புளித்த பாலும் கலந்த வாடை அதில் ஊறிப்போயிருக்கும். யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை செய்த என் அக்கா பார்வதி, மாதத்தில் நாலைந்து நாள் பால் வாளியை நிறுத்துக் கொடுத்த கையோடு அங்கே போய், இடுப்பை அந்தச் சுவரில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். யாராவது வருகிறார்களா என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும். "இந்தச் சொவரு இல்லாட்டி நான் என்னாவேனோ புள்ள" என்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, இவ மட்டும் மகாராணியாட்டம் படுத்துக்கிறா" என்று அவள் மாமியார் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். ஒருநாள் அக்கா பால்வெட்டும் மலையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவளுக்குச் சிங்களம் வராது, டாக்டருக்குத் தமிழ் வராது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால், ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னையும் கூட அனுப்பினார்கள்.

எத்தனை நாள் இரத்தம் போகிறது, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா என்று டாக்டர் கேட்ட இரண்டையும் தலையைக் குனிந்தபடி அக்காவிடம் கேட்டுச் சொல்லிவிட்டேன். மூன்றாவதாக, புருஷனோடு இருக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டார். அதன் அர்த்தம் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது. "கியன்ன துவ" என்றார் அவர் மெதுவாக, சொல்லு மகளே என்று. நான் அக்காவிடம் ஒன்றும் கேட்காமலே "நே" என்று, இல்லையென்று, சொல்லிவிட்டேன். அவர் அதை எழுதிக்கொண்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அக்கா அந்தச் சுவரில் சாய்ந்தபோதெல்லாம் நான் சொன்ன அந்த "நே"தான் எனக்கு ஞாபகம் வரும். எவ்வளவு வலித்தாலும் அழாதவள் ஒருநாள் அங்கேயே குந்தி அழுதபோது எனக்குத் தாங்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி கிறுக்கி, நீ கேட்டிருந்தாலும் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி போவோம். இந்தத் தடவ கேளு. நானும் சொல்றேன்" என்றாள்.

போனோம். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமான்னு சொல்லு" என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைச் சோதித்துப் பார்த்தார். சூலகத்தில் இரத்தக்கட்டி இருக்கிறது. அதை மட்டும் எடுத்தால் பிள்ளைக்கு வழியிருக்கலாம், ஆனால் வலி திரும்பவும் வரலாம். கருப்பையையும் சேர்த்து எடுத்தால் வலி பெரும்பாலும் அடங்கும் என்றார்.

"மச்சானையும் அத்தையையும் கேட்டுட்டு வருவமா?" என்றேன்.

"வலி எனக்குத்தானே புள்ள. கட்டிய மட்டும் எடுக்கச் சொல்லு."

சில வருஷம் நன்றாக இருந்தாள். பிள்ளை வரவில்லை, வலிதான் திரும்பி வந்தது. நாற்பதை நெருங்கும்போது, போதும் என்று அவளே பஸ் ஏறிப் போய்க் கருப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் தேவையான சிங்களத்தைக் கற்றிருந்தாள்; என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அதே நோய் என் பேத்திக்கு. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். போன மாதம் "சும்மா கூட வந்து இருங்க அம்மாயி" என்று கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் தலை குனியாமல், சிங்களத்திலேயே, ஆமாம் என்றாள். ஆபரேஷன் பற்றியும் அவளே விசாரித்தாள். முதலில் மாத்திரை போட்டுப் பார்க்கிறேன், அடங்காவிட்டால் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் பழைய தோட்டத்தில் இறங்கினோம். பாலையெல்லாம் இப்போது ஷீட் போடாமலே பவுசர் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். புகைக்கூடத்துக்குக் கூரை இல்லை, அந்தச் சுவர் பாதிதான் நிற்கிறது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சாய்கிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது, வெறும் வெயில் சூடு.