முருங்கைச் சாற்றில் மஞ்சள்

மைசூரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. 'நோடோணா' என்பார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம். வந்த புதிதில் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். தீசிஸை எப்போது கொடுக்கலாம் என்று என் கைடைக் கேட்ட போதெல்லாம் அதே நோடோணாதான். திருநெல்வேலியில் நாலு வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்தவளுக்கு வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

வெளியூர் ஆராய்ச்சி என்றால் ஊரில் பெரிதாக நினைக்கிறீர்கள். என் வேலை இவ்வளவுதான். இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் ஃப்ரீ ரேடிக்கல் பிறக்கும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் வெறிநாய் மாதிரி கடிக்கும். குழாயில் இருக்கும் சர்க்கரையை அது சிதைத்திருந்தால், சோதனை மருந்து ஊற்றிக் கொதிக்க வைக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் வரும். என் முருங்கையிலைச் சாறு அதைத் தடுத்தால் சிவப்பு வெளிறும், நானும் ஊர் போய்ச் சேரலாம். எங்கே வெளிறியது! ஓய்ந்துபோன இரும்பை என் சாறே தட்டியெழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்பியது. சிவப்பு கூடிக்கொண்டே போனது.

ஆயுத பூஜை முடிந்து லேபுக்குப் போய் மறுபடி சோதித்த அன்று அத்தனை குழாயும் வெளிறி நின்றன. "சென்னாகிதேம்மா! இன்னு ஸப்மிட் மாடி" என்றார் கைடு. நன்றாக வந்திருக்கிறது, இனி தீசிஸைக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். எஸ்டிடி பூத்துக்கு ஓடி, ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று கணவரிடம் கத்தினேன். கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கலாமே என்று புதிதாகச் சாறு எடுத்தேன். பழையபடி சிவப்பு. பழைய பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தால், கழுத்தைச் சுற்றி மஞ்சள்.

லேப் உதவியாளர் மாதப்பா ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். "பாட்டில் வாயிலுமா மஞ்சள் வெச்சீங்க?" என்றேன்.

"பூசைன்னா எல்லாத்துக்கும் வெக்கோணுமல்லங்க? உங்க பாட்டிலுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்தே வெச்சனுங்க. நீங்க வெரசா ஊருக்குப் போகோணுமுன்னுட்டு."

அவரை என்னவென்று திட்டுவது? சாறு ஆல்கஹாலில் இருந்தது. சாய்த்து ஊற்றும்போதெல்லாம் மஞ்சள் கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது. ரேடிக்கலை அடக்கியது மஞ்சள், பெயர் முருங்கைக்கு. பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் இந்தச் சாற்றை நம்பி நாளைக்கு எவனாவது மருந்து செய்வானே என்று மனசு அரித்தது. கைடிடம் சொல்லித் தொலைத்தேன். "இன்னொந்து வர்ஷ ஆகுத்தேம்மா" என்றார். இன்னும் ஒரு வருஷம்! ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெரிய அரிச்சந்திரன் பேத்தி நான்!

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். மகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து ஒரு தட்டில் முறுக்கு வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"நீங்க உங்க ஊருக்கு எப்பம் போவிய?"

கைப்பையில் மைசூர் டிக்கெட் இருந்தது. "ஞாயித்துக்கெழம" என்றேன்.

"பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றாள்.