ரிக்கார்டு அழுத எழவு

பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களை நான் வெகுநாள்வரை மன்னிக்கவில்லை. கடத்தூர் வட்டாரத்தில் யார் செத்தாலும் ஒப்பாரி பாட முதலில் எங்கள் அத்தைக்குத்தான் ஆள் வரும். அப்பாவின் அக்காள் அவள். அறுபது வயதைத் தாண்டியபின் அவளை ஒரு ரிக்கார்டு கம்பெனிக்காரர் தேடி வந்து, மொரப்பூரில் ரயிலேற்றி மெட்ராசுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்தார். சில மாதங்களில் இசைத்தட்டு வந்தது. இரண்டு பக்கமும் அத்தையின் குரல். அட்டையில் மட்டும் யாரோ ஒரு இளம்பெண் தலைவிரிகோலமாக நின்றாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்கக் கூடாதாம். ரேடியோ செட்டுக்காரரிடம் நானே தட்டைக் கொண்டுபோனேன். “நல்ல நாளும் அதுவுமா இதைப் போட்டா ஊரே என்னை வெரட்டி அடிக்கும் பாப்பா” என்று கையில்கூட வாங்கவில்லை. சினிமாக் கதாநாயகி அழுகிற பாட்டென்றால் கல்யாண வீட்டிலேயே போடுவார்! அத்தை தன் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அப்போதுதான் அந்தப் பெரிய வீட்டுத் தாத்தா எண்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அத்தை சேலை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். ஆள் வரவில்லை. மதியம் அந்தப் பக்கத்துக் குழாய் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரலே வந்தது. ஆளை விட்டுவிட்டுத் தட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா? அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

‘பாலு ஆறுதே, எந்திரிச்சு வா சாமி’ என்று ரிக்கார்டு எண்பது வயதுத் தாத்தாவை எழுப்பிக்கொண்டிருந்தது. அங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை. அந்த வீட்டு மருமகள், “வாங்கக்கா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதானுங்க ரிக்கார்டு போட்டுட்டோம்” என்றாள். என்ன கரிசனம்!

எந்த எழவிலும் அத்தையின் கண்ணில் நீர் வந்து நான் பார்த்ததில்லை. அழுதால் பாட்டு நின்றுவிடும் என்பாள். அன்று பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

திரும்பி வரும்போது, “வூட்டுக்குப் போனதும் அந்த ரிக்கார்டை ஒடைச்சுப் போடறேன் பாரு அத்தே” என்றேன்.

“ஒடைக்காதடி. செத்தவங்க மொகம் பார்க்காம எனக்குப் பாட வராது. மெட்ராஸ்ல அந்த ரூமுக்குள்ள பொணமா இருந்துச்சு? எம் மூணு வயசுப் பையனை நெனச்சுப் பாடுனேன். அவன் போன அன்னைக்கு எனக்கு வாயே தெறக்கல.”

“அதுக்கு? ஒரு ஆளனுப்பி உன்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?”

தன் பிள்ளைக்காக அழ அத்தைக்கு அன்றுதான் ஒரு எழவு வீடு கிடைத்திருந்தது. எனக்கு அப்போது எங்கே தெரியும்? வழியெல்லாம் அந்த வீட்டாரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.